சந்தியில் கட்டிய சின்னக் கோவில்
கெவலார் மாதாவின் கதையும் எங்கள் கதையும்



ஆவணி மாதம் பிறந்தால் டுசல்டோர்ஃப் பிரதான ரயில் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை காலை வித்தியாசமாக இருக்கும். கிளேவ பக்கம் போகும் ரயில் நிற்கும் மேடையில் சேலைகளும் வேட்டிகளும், சோற்றுப் பார்சல் வைத்த பைகளும், பிள்ளைகளின் தள்ளுவண்டிகளுமாய் நிறைந்திருக்கும். பார்க்கிற ஜேர்மன்காரர் "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். "கெவலாருக்குப் போறம்" என்று சொன்னால் வயது போனவர்களுக்கு உடனே விளங்கும். இளம் ஆட்களுக்கு விளங்காது. எங்கட பிள்ளைகளுக்கும் விளங்காது என்பதுதான் இந்தக் கட்டுரை எழுத வந்த காரணம்.

போன வருஷம் என்னோடு வந்த பேத்தி ரயிலுக்குள் கேட்டாள்: "அம்மப்பா, நாங்கள் சைவம்தானே? ஹம் காமாட்சி அம்மன் கோவிலுக்கும் போறம். பிறகு ஏன் இந்த சேர்ச்சுக்கும் போறம்?" உடனே பதில் வரவில்லை. "பிறகு சொல்லுறன்" என்று சமாளித்தேன். அந்தப் பிறகுதான் இது.

ரயில் பாதையில் ஒரு வரலாறு

டுசல்டோர்ஃபில் இருந்து கெவலாருக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். கிறேஃபெல்ட், கெம்பன், கெல்டர்ன், அடுத்தது கெவலார். அதற்கு அடுத்த நிறுத்தம் வேஸே. மலிவு விமானத்துக்காக எங்கட ஆட்கள் இரவிரவாக ஓடுகிற அதே வேஸேதான். இந்தப் பெயர்களை நினைவில் வைத்திருங்கள். கெவலாரின் கதை முழுவதும் இந்த ரயில் பாதையிலேயே நடந்தது.

ஆண்டு 1641. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1618இல் தொடங்கி 1648 வரை நீடித்த அந்தப் போரில் எந்த மன்னனின் படை எந்த ஊருக்குள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த படைக்குச் சம்பளம் இல்லை; ஊரைக் கொள்ளையடித்துத்தான் சாப்பிட்டது. கெவலார் அப்போது பற்றைக்காட்டு நிலத்தின் நடுவில் கிடந்த ஒரு ஏழைக் கிராமம். 1635இல் குரோவாசியப் படையினர் அங்கு புகுந்து, பாதுகாப்பு அரணுக்குள் ஒதுங்கியிருந்த சனத்தைக் கொன்றார்கள். அந்த நினைவு இன்றும் ஊரில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஹென்ட்றிக் புஸ்மான் என்று ஒரு சில்லறை வியாபாரி இருந்தார். பெரிய முதலாளி இல்லை. சாமானைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் நடந்து விற்கிறவர். 1641 நத்தாரை அண்டிய நாட்களில் வேஸேயில் இருந்து கெல்டர்ன் பக்கம் நடந்து போகையில், கெவலாருக்குப் பக்கத்தில் பாதைகள் சந்திக்கும் இடத்தில் நின்ற ஒரு சிலுவைக்கு முன்னால் செபித்தார். அப்போது, இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்னக் கோவில் கட்டு என்று ஒரு குரல் கேட்டதாம். சுற்றிப் பார்த்தார், ஒருவரும் இல்லை. பிறகும் அந்த வழியால் போகையில் அதே குரல். மூன்று முறை கேட்டது என்று பின்னாளில் சத்தியம் செய்து சொன்னார்.

கையில் காசில்லாத மனிசன் என்ன செய்வார்? அன்றாடம் வியாபாரத்தில் மிஞ்சின சில்லறையில் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்து வைக்கத் தொடங்கினார். எங்கட அம்மாமார் அரிசிப் பானைக்குள் உண்டியல் காசு ஒளித்து வைத்ததுபோலத்தான்.

இராணுவத்தின் கையில் இருந்து வந்த படம்

கதையின் அடுத்த பாதி அவர் மனைவி மெஹல் என்பவருடையது. ஒருநாள் ஒரு படைவீரன் அவவிடம் இரண்டு சின்னப் படங்களை விலைக்குக் காட்டினான். லக்சம்பேர்க் மாதாவின் அச்சுப் படங்கள். துன்பப்படுவோரின் ஆறுதல் என்ற பெயரில் லக்சம்பேர்க்கில் வணங்கப்பட்ட மாதா அவ. விலை கூடவாய் இருந்ததால் வாங்கவில்லை.

1642ஆம் ஆண்டு, பெந்தெகொஸ்தே திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு இரவு மெஹல் பெரிய வெளிச்சம் ஒன்றைக் கண்டா. வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோவில்; அதற்குள் அந்தப் படைவீரன் காட்டிய படம். விடிந்ததும் புருஷனிடம் சொன்னா. அவர் முதலில் கனவென்று நினைத்தாலும், இரவில் காவல் சுற்றிய ஆட்கள் "உங்கட வீட்டில் சாமத்தில் என்ன வெளிச்சம்?" என்று கேட்டபோது நம்பினார் என்று கதை போகிறது. படத்தைத் தேடிப் போனால் அது ஒரு லெப்டினனின் கையில். அவரோ கெம்பனில் சிறையில். அங்கிருந்துதான் மெஹல் அந்தப் படங்களில் ஒன்றை வாங்கி வந்தா.

அந்தப் படம் முதலில் கெல்டர்னில் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் வைக்கப்பட்டது. சனம் கூடத் தொடங்க, 1642 ஜூன் 1ஆம் திகதி கெவலார் பங்குக் குரு ஜொஹானஸ் சிங் அதைக் கொண்டுவந்து, புஸ்மான் கட்டிய சின்னக் கூட்டில் வைத்தார். ஆரவாரம் இல்லாமல் செய்ய நினைத்தாலும் அன்றைக்கே ஊர் திரண்டுவிட்டது.

முதன்முறை கெவலாருக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். நானும் ஏமாந்தனான். இவ்வளவு பேர்பெற்ற தலத்தில் பெரிய சொரூபம் இருக்கும் என்று நினைத்தேன். இருப்பது கடுதாசியில் அச்சடித்த ஒரு செப்புத்தட்டுப் படம். அகலம் ஏழரை சென்ரிமீற்றர், உயரம் பதினொரு சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு தபாலட்டையை விடச் சின்னது. சுற்றிவரத்தான் பொன்னும் வெள்ளியும் நகைகளும். நடுவில் இருப்பது, போர்க்காலத்தில் ஒரு படைவீரன் சில்லறைக் காசுக்கு விற்கப் பார்த்த கடுதாசித் துண்டு.

எட்டுத் திக்கும் இருந்து சனம்

சனம் கூடியதும் 1643க்கும் 1645க்கும் இடையில் பக்கத்தில் ஒரு கோவில் எழுப்பினார்கள். அதுதான் இன்று மெழுகுதிரிக் கோவில் என்று சொல்லப்படுகிறது. 1646இல் இருந்து ஒறற்றோரியன் சபைக் குருமார் தலத்தைப் பராமரித்தார்கள். 1647இல் வென்லோ நகரில் கூடிய திருச்சபை மன்று விசாரணை நடத்தியது. புஸ்மான் நேரில் போய்ச் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். மேலே நான் எழுதிய கதை அந்த வாக்குமூலத்தில் இருந்து வந்ததுதான். மன்று யாத்திரையை அங்கீகரித்தது. இரண்டு வருடத்தில், 1649இல், புஸ்மான் இறந்துபோனார். 1654இல் அவர் கட்டிய கூட்டை அப்படியே உள்ளே வைத்து, அதைச் சுற்றி ஆறு பக்கமுள்ள கூம்புக் கூரைக் கோவிலைக் கட்டினார்கள். வெளியில் நின்றே திறப்பு வழியால் படத்தைக் கும்பிடலாம். எங்கட சனம் அதைச் சுற்றி வலம் வருவதைப் பார்த்தால் பிள்ளையார் கோவில் வீதி நினைவுக்கு வரும்.

இதற்குள் ஒரு பகுதியை நாங்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். கெவலார் அப்போது ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட பிரதேசம். எல்லைக்கு அப்பால் ஒல்லாந்தக் குடியரசு. அங்கே கத்தோலிக்கர் பகிரங்கமாய் வழிபடத் தடை; வீடுகளுக்குள்ளும் பரண்களிலும் ஒளித்துத்தான் பூசை. அந்த மக்கள் எல்லை தாண்டி நடந்து கெவலாருக்கு வந்தார்கள். இன்றைக்கும் ஒல்லாந்தில் இருந்து வரும் யாத்திரிகர் கூட்டம் பெரியது. அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதே ஒல்லாந்தர்தான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தவர்கள். பிடித்ததும் எங்கட மண்ணிலும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருமாருக்கு இடம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். 1670 அளவில் மாந்தையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மருதமடு. அங்கே எழுந்த சின்னக் கோவில்தான் இன்றைய மடு மாதா கோவிலின் தொடக்கம். எலேனா என்ற பெண்தான் அந்த முதற் கோவிலைக் கட்டுவித்தா என்பது வழிவழியாய் வரும் கதை. கெவலாரில் ஒரு மெஹல், மடுவில் ஒரு எலேனா.

ஒரே காலம், ஒரே ஆட்சியாளர், இரண்டு காடுகள். றைன் நதிப் பக்கத்துப் பற்றைக்காட்டில் ஒரு கோவில். வன்னிக் காட்டில் ஒரு கோவில். இரண்டும் ஓடி ஒளிந்த சனத்தின் கோவில்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 1687இல் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் தங்கி, ஒளித்து ஒளித்துப் பூசை வைத்த கோவைக் குரு யோசவ் வாஸ் அடிகளாரும் ஒறற்றோரியன் சபையைச் சேர்ந்தவரே. கெவலாரைப் பராமரித்த அதே சபைப் பெயர்! 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் போனார்.

நியாயத்துக்கு மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை 1621இல் இடித்த பிலிப் டி ஒலிவேறா கத்தோலிக்கப் போர்த்துக்கேயன். ஒரு காலத்தில் இடித்தவன் மதம், இன்னொரு காலத்தில் ஓடினவன் மதமாகிவிட்டது. வரலாறு ஒருவரையும் நிரந்தரமாய் மேலேயும் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் கும்பிடுகிற இடத்தைப் பற்றிச் சண்டை வராது.

தடைகளும் போர்களும்

கெவலாரின் கதையை இனிச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். 1713இல் அப்பிரதேசம் புறூசியாவின் கைக்கு வந்தது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் பிடித்தன, ஊர்வலங்கள் தடைப்பட்டன, 1802இல் குருமாரின் மடமும் மூடப்பட்டது. ஆனாலும் சனம் வருவதை நிறுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கூட்டம் பெருகி, 1858இல் தொடங்கி 1864 வரை கட்டப்பட்டதுதான் பக்கத்தில் நிற்கும் பெரிய பசிலிக்கா. ஆனால் போகிறவர்கள் முதலில் தேடுவது அந்தப் பெரிய கட்டிடத்தை இல்லை. நடுவில் நிற்கும் சின்ன ஆறுபக்கக் கோவிலைத்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருடத்தில், 1948இல், பாக்ஸ் கிறிஸ்ரி என்ற கத்தோலிக்க சமாதான இயக்கத்தின் ஜேர்மன் பிரிவு கெவலாரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு வந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஆயர் தியாஸ். 1944இல் நாசிகளால் பிடித்து அடைக்கப்பட்டவர் அவர். அடைத்த நாட்டுக்கே வந்து சமாதானம் பேசினார். பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

எங்கட ஆட்கள் வந்த கதை

1983க்குப் பிறகு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த விதம் பலருக்கும் தெரியும். மொஸ்கோ வழியாய்க் கிழக்கு பேர்லின், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லின். 1986இல் அந்த வழி அடைபட்டது. அதற்கு முன் வந்தவர்களில் நானும் ஒருவன். சாவலாண்ட் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்து ஹைமில் ஒரு அறைக்குள் நாலு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. கையில் காசுக்குப் பதில் பொருள் வாங்கும் துண்டு. அகதி வழக்கு முடியும்வரை சொன்ன எல்லையைத் தாண்டி ஒரு அடி வைக்கக்கூடாது. பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் சொந்த மச்சானைப் பார்க்கவும் கந்தோரில் துண்டு எடுக்க வேண்டும்.

1980களின் பிற்பகுதியில்தான் தமிழர்களின் கெவலார் யாத்திரை தொடங்கியது. 1987 மே 2ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கெவலாருக்கு வந்து போன காலம் அது. எங்கட ஹைமில் மன்னார்ப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். அவர்தான் ஒரு நாள் வந்து, "தம்பி, மடு மாதிரி ஒரு இடம் இஞ்ச இருக்காம். திருநாளுக்கு எங்கட ஆக்கள் போகினம். வாறியோ?" என்று கேட்டார்.

நான் சைவக் குடும்பம். ஆனால் மடு எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து தப்பினபோது அம்மா மடுவுக்கு நேர்த்தி வைத்தவ. ஆடித் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, மாதாவைக் கும்பிட்டு, திரும்பிப் போகையில் எங்கட அம்மன் கோவிலிலும் கற்பூரம் கொளுத்துவா. அம்மாவுக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. "தாய் எண்டால் தாய்தானே, அதில என்ன வேதம்?" என்பா.

முதல் வருஷம் நான் போகவில்லை. துண்டு கேட்டுக் கந்தோருக்குப் போனேன். "நீ இந்து என்று இதில் பதிந்திருக்கிறதே, கத்தோலிக்கத் தலத்துக்கு என்னத்துக்கு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அரைகுறை டொச்சில் அம்மாவின் நேர்த்தியை எப்படி விளங்கப்படுத்துவது? அண்ணை மட்டும் போய்வந்தார். எனக்கு ஒரு சின்ன மெழுகுதிரி கொண்டுவந்து தந்தார்.

பிறகு 1990இல் ஊரில் மறுபடி போர் தொடங்கியது. எங்கட வீட்டுப் பக்கம் எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள். மாதக்கணக்காய்ச் செய்தி இல்லை. ஒருநாள் கடிதம் வந்தது. அம்மா மடுவில் இருக்கிறா என்று. மடுக் கோவில் வளவு அப்போது ஆயிரக்கணக்கான அகதிகளின் முகாம். ஐ.நா. அகதிகள் அமைப்பு அங்கு ஒரு நிவாரண நிலையத்தை நடத்தியது. நேர்த்திக்குப் போன இடத்தில் அம்மா கூடாரத்துக்குள் குடியிருந்தா. அந்த முறை கூடாரம் அடித்தது திருவிழாவுக்காக இல்லை.

அந்த வருஷத்து ஆவணியில் துண்டு கிடைத்தது. கெவலாருக்குப் போனேன். லிண்டன் மர நிழலில் எங்கட சனம், ஒலிபெருக்கியில் தமிழில் பூசை, தமிழில் பாட்டு. வந்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு திறந்த வெளியில் இவ்வளவு பெரிய சத்தத்தில் தமிழ் கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சின்னப் படத்துக்கு முன் நிற்கையில் ஒரு செபமும் எனக்குத் தெரியாது. "அம்மா உன்ர இடத்தில இருக்கிறா. பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன். பிறகு மெழுகுதிரிக் கோவிலடியில் ஒரு திரி கொளுத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதுபோன ஒல்லாந்து மனிசி, என் திரி காற்றில் அணைந்ததைப் பார்த்துத் தன்ர திரியில் இருந்து திரும்பக் கொளுத்தித் தந்தா. அவவின் பாட்டன்மார்தான் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் என்று அப்போது எனக்கு நினைவு வரவும் இல்லை.

அம்மா இரண்டு வருஷம் அங்கே இருந்து பிறகு ஊர் திரும்பினா. 1999 நவம்பரில் மடுக் கோவிலுக்குள் தஞ்சமிருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தபோது, அந்தச் செய்தியை இங்கே கேட்டுக்கொண்டு, அம்மா அங்கே இல்லை என்று ஆறுதல்பட்ட என்னை நினைத்து நானே வெட்கப்பட்டேன். அங்கே இருந்தவர்களும் ஒவ்வொருவருக்கும் அம்மாதானே. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கிவர மடு மாதாவே இடம்பெயர்ந்தா. சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆவணியில்தான் திரும்பி வந்தது. 1670இல் ஓடின மாதா மறுபடியும் ஓடவேண்டி இருந்தது.

இப்போது

இன்று ஆவணி யாத்திரைக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வருகிறார்கள். ஜேர்மனியில் இருந்து மட்டும் இல்லை. ஒல்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியத்தில் இருந்தும். வருகிறவர்களில் பெருந்தொகையானோர் சைவர்கள். ஹம் நகரில் காமாட்சி அம்மன் கோவில் 2002இல் பெரிதாய் எழுந்து கும்பாபிஷேகம் நடந்த பிறகும் கெவலாருக்கு வருகிற சைவர் குறையவில்லை. சொந்தக் கோவில் இல்லாதபடியால்தான் போகிறார்கள் என்று அந்த நாளில் சிலர் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை என்பது இப்போது தெரிகிறது.

குறை சொல்கிறவர்களும் உண்டு. "யாத்திரை எண்டு போய்க் கடலை வடையும் ரோல்ஸும் சாப்பிட்டுக் கதைச்சுப் போட்டு வாறதுதானே" என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் பத்து வருஷம் காணாத பள்ளிச் சிநேகிதனை நான் கண்டது அந்த வடைக் கடையடியில்தான். இரண்டு கலியாணம் அங்கே பேசி முடிந்ததும் எனக்குத் தெரியும். மடுவிலும் அப்படித்தானே இருந்தது?

எனக்குள்ள கவலை வேறு. ஹென்ட்றிக் புஸ்மான் ஒரு ஏழை வியாபாரி. அவர் 1647இல் போய் வாக்குமூலம் கொடுத்திருக்காவிட்டால், இரண்டு வருடத்தில் அவரோடு அந்தக் கதையும் மண்ணுக்குள் போயிருக்கும். எழுதி வைத்தபடியால்தான் மெஹலின் பெயர்கூட இன்றுவரை நிற்கிறது. எங்கட கதையை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? முதல் வருஷம் எத்தனை பேர் போனோம், சாப்பாடு யார் சமைத்தது, ஒலிபெருக்கி யார் இரவல் வாங்கியது, எந்தப் பாட்டு முதலில் பாடினது? என்னைக் கூட்டிப்போன மன்னார் அண்ணை இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் கேட்டு எழுதாமல் விட்டது என்ர பிழை.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த நாள் படங்கள், கந்தோர் துண்டுகள், பாட்டுத் தாள்கள், ஊரில் இருந்து வந்த கடிதங்கள் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதி எங்கள் சங்கத்திடம் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். தபாலட்டையை விடச் சின்ன ஒரு கடுதாசியைச் சுற்றி ஒரு ஊரே வளர்ந்திருக்கிறது. எங்கட கடுதாசிகளும் சின்னதென்று நினைக்காதீர்கள்.

பேத்திக்குச் சொல்ல வேண்டிய பதில்: பிள்ளை, உன்ர பூட்டி அங்கே கும்பிட்டவ, பிறகு அங்கேயே தஞ்சம் இருந்தவ. அந்தக் கடனைக் கொடுக்க மடு தூரம். கெவலார் ஒரு மணித்தியாலம்தான். இந்த ஆவணிக்கும் போவோம். கெம்பன் ஸ்ரேஷன் வரும்போது மெஹலின் கதையை நீ எனக்குச் சொல்ல வேண்டும்.